கூட்டரசு நெடுஞ்சாலையில் புஷ்பவல்லியின் முறை

பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கையை விட்டபோது புஷ்பவல்லி வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பிரிக்பீல்ட்ஸ் வரட்டும். கோலாலம்பூரின் அந்தப் பகுதியில்தான் அவள் சில ஆண்டுகளாகப் புடவைக் கடையில் வேலை செய்கிறாள். எந்தக் கோயிலுக்கு எந்தச் சந்து வழியாகப் போகலாம், எந்த வாழையிலைக் கடையில் எப்போது கூட்டம் குறையும், மோனோரயிலில் வந்து இறங்கினால் எந்தப் பக்கம் நிழல் இருக்கும் என்பதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வரும்.

சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சியின் கடைசித் தேர்வுக்கான சீட்டுக் குலுக்கல் அது. ஆளுக்கு ஓர் இடம் சீட்டில் வரும். வந்த இடத்தைப் பற்றி, ஓடும் பேருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூடப் படித்தவர்களுக்கும் இரண்டு தேர்வாளர்களுக்கும் மலாயில் சொல்ல வேண்டும். தேர்ச்சி பெற்றால் உரிமம். இல்லாவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சீட்டைப் பிரித்தாள். ‘கூட்டரசு நெடுஞ்சாலை, எல்லை வளைவிலிருந்து கிள்ளான் வரை’ என்று எழுதியிருந்தது.

பக்கத்தில் நின்ற பிரியா எட்டிப் பார்த்தாள். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த பெண். கணக்காளர் வேலையை விட்டுவிட்டு இந்தப் பயிற்சிக்கு வந்தவள். அவள் கையில் இருந்த சீட்டில்தான் பிரிக்பீல்ட்ஸ் இருந்தது.

“அக்கா, இது இடமே இல்லையே. வழிதானே?” என்றாள் பிரியா. பிறகு குரலைத் தாழ்த்தி, “மாத்திக்கலாமான்னு கேட்டுப் பார்க்கவா?” என்றாள்.

கேட்டும் பார்த்தாள். தேர்வாளர்களில் ஒருவரான மலாய்ப் பெண்மணி புவான் ரொஹானி சிரித்தபடியே தலையை ஆட்டிவிட்டார். சீட்டில் வந்தது வந்ததுதான்.

புஷ்பவல்லி சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்கு இது இரண்டாவது முறை.

அவள் பிறந்தது கேரி தீவில். தீவு என்று பெயரே தவிர, கடல் நடுவே தனியாக நிற்கும் ஊர் இல்லை அது. ஒரு பக்கம் லங்காட் ஆறு, மறு பக்கம் மலாக்கா நீரிணை, நடுவே கண்ணுக்கு எட்டிய தூரம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். நிலம் தாழ்வு. பெரிய அலை வரும் நாட்களில் கடல் உள்ளே வந்துவிடாமல் இருக்கக் கரையோரம் மண்ணால் அணை போட்டு வைத்திருக்கிறார்கள். அப்பா தம்புசாமி அந்த அணையையும் கால்வாய்களையும் பார்த்துக்கொள்ளும் கூட்டத்தில் வேலை செய்தார். ஐந்து பிள்ளைகளில் புஷ்பவல்லி மூன்றாவது. இடைநிலைப் பள்ளியை முடித்த கையோடு, ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறோம் என்று தோட்டத்துக்கு வந்த வேனில் பெயரைக் கொடுத்தாள். அடுத்த மாதமே கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில், சுங்கைவே தொழிற்பேட்டையில் இருந்தாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்தது கிளீன் ரூம் வேலை. தூசு படக் கூடாத அறை அது. தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, வாயையும் மூக்கையும் மூடிய துணி. வெளியே தெரிவது கண் மட்டும். விரல் நகத்தைவிடச் சின்னச் சில்லுகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, கோணலாக ஒட்டியவற்றைத் தள்ளிவிட வேண்டும். பேசக் கூடாது என்பது விதி. பேசினாலும் இயந்திரச் சத்தத்தில் காதில் விழாது. எல்லாமே விரல்சாடைதான். கல்யாணமாகிக் கிள்ளானுக்குக் குடிவந்தாள், மகள் வாணியைப் பெற்றாள், வாணியும் படித்து வேலைக்குப் போய்விட்டாள். அந்த அறையும் அந்தச் சாடையும் மட்டும் மாறவேயில்லை. வீட்டிலும் அவள் பேச்சு குறைந்துபோனது. கணவன் திருச்செல்வம் துறைமுகத்தில் சொந்தமாகக் கன்டெய்னர் லோரி ஓட்டுபவன். இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசுவான்.

ஒரு நாள் காலை எல்லாரையும் கேன்டீனில் உட்கார வைத்து, கம்பெனி வேறு நாட்டுக்குப் போகிறது என்று சொன்னார்கள். அழுதவர்கள் அழுதார்கள். சிலர் சண்டை போட்டார்கள். புஷ்பவல்லி வீட்டுக்கு வந்து, இன்றைக்குக் கேன்டீனில் மீன் கறி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். திருச்செல்வத்துக்கு விஷயமே மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்துதான் தெரியவந்தது.

அதற்குப் பிறகு கிடைத்ததுதான் பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடை. கடை காமாட்சி ஆச்சியுடையது. புஷ்பவல்லிக்குப் புடவை மடிக்க வந்தது; விற்க வரவில்லை. வந்தவர்கள் நிறம் கேட்டால் எடுத்துப் போடுவாள், விலை கேட்டால் சொல்லுவாள், வேண்டாம் என்றால் மடித்து வைத்துவிடுவாள். மற்றப் பெண்கள் பேசிப் பேசியே ஒன்று வாங்க வந்தவரை மூன்று வாங்க வைத்தார்கள்.

ஆனால் முதுகுப் பையோடு யாராவது கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நின்று கைப்பேசியையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தால், புஷ்பவல்லி கடையை விட்டு இறங்கிவிடுவாள். கையால் காட்டத் தொடங்குவாள், அப்படியே பேச்சும் வந்துவிடும். இந்தப் பக்கம் செங்கல் சூளைகள் இருந்தன, கோலாலம்பூரில் நெருப்பும் வெள்ளமும் வந்து மர வீடுகள் போனபின் ஊரைத் திரும்பக் கட்டச் செங்கல் இங்கிருந்துதான் போனது, அதனால்தான் இந்தப் பெயர், அங்கே தெரிகிறதே அதுதான் ரயில்வே ஆட்கள் குடியிருந்த பக்கம் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பாள். உள்ளே வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் ஆச்சி கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே புஷ்பவல்லி நினைத்தாள்.

“உட்காரு புஷ்பா. உனக்குப் புடவை விக்க வரல. அது நீ வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“ஆமா ஆச்சி.”

“ஆனா வழி சொல்லும்போது உன் மூஞ்சியே வேற மாதிரி இருக்கு. அதுக்குன்னு ஒரு வேலை இருக்காம்லா. என் அண்ணன் மக பிரியாவும் அடுத்த தடவ அந்தக் கோர்ஸுக்குப் போகணும்னு இருக்கா. நீயும் போ. போற நாளுக்கு லீவு எடுத்துக்க. பாஸாகிற வரைக்கும் இங்க மடிச்சுக்கிட்டு இரு.”

அப்படித்தான் போனாள். படிப்பு கஷ்டமாக இல்லை. எழுத்துத் தேர்வு நன்றாகவே போனது. முதல் வாய்மொழித் தேர்வில்தான் மாட்டிக்கொண்டாள். கோலாலம்பூர் நடுவே இருக்கும் மெர்டேக்கா சதுக்கம் அவளுக்கு வந்திருந்தது. மைக்கைக் கையில் வாங்கி, “உங்கள் இடது பக்கத்தில்” என்றாள். ஒலிபெருக்கியில் தன் குரலே திரும்பி வந்து காதில் விழுந்தது. அவ்வளவுதான். இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டுமல்ல, தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. பேருந்து சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. யாரோ மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று திருச்செல்வம் காரில் வந்து அழைத்துப்போனான். நடந்ததைச் சொன்னாள்.

“அடுத்த தடவ இருக்குல்ல?” என்றான்.

“இருக்கு.”

“அப்ப சரி. பசிக்குது, சாப்பிட்டுப் போவோம்.”

அந்த அடுத்த தடவைதான் இப்போது சீட்டில் நெடுஞ்சாலையாக வந்து நின்றது. தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. கடை வேலை முடிந்த நேரமெல்லாம் படித்தாள். படித்ததை வாயால் சொல்லிப் பழக ஓர் இடம் வேண்டும். வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால் சிரிப்பு வந்தது. திருச்செல்வம்தான் வழி சொன்னான். பெட்டாலிங் ஜெயாவில் சரக்கை இறக்கிவிட்டுக் காலிக் கன்டெய்னரோடு துறைமுகத்துக்குத் திரும்புகையில் அதே சாலையில்தானே போகிறான், கூட வந்து உட்கார்ந்து பேசட்டும்.

விடுமுறை நாளில் லோரியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கையில் மைக்குக்குப் பதிலாகத் தண்ணீர்ப் புட்டி. சொல்லத் தொடங்கினாள். கோலாலம்பூர் சிலாங்கூர் மாநிலத்திலிருந்து பிரிந்து மத்திய அரசின் கூட்டரசுப் பிரதேசமான ஆண்டு, பெட்டாலிங் ஜெயா ரப்பர்த் தோட்டத்தை அழித்துத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஆண்டு, சுங்கைவே தொழில் வட்டாரம் திறந்த ஆண்டு, ஷா ஆலாம் மாநிலத் தலைநகரான ஆண்டு. ஒன்றும் விடாமல் வரிசையாகச் சொன்னாள்.

“புஷ்பா, கோச்சுக்காத. எனக்குத் தூக்கம் வருது. நான் லோரி ஓட்டுறேன்” என்றான் திருச்செல்வம்.

“என்னதான் சொல்லணும்ங்கிறீங்க?”

“எனக்கு என்னா தெரியும்? நான் படிக்கல. ஆனா நீ வெறும் வருஷமாவே சொல்லிக்கிட்டு வர. ஒரு ஆளக்கூடக் காணோமே.”

அவள் கோபித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிர்ச் சாலையில் கோலாலம்பூர் போகும் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் முன்னாலும் பின்னாலும் லோரிகள்.

“எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டாள்.

“காலையில எப்பவும் இப்படித்தான். ஆளுங்க அந்தப் பக்கம், சாமான் இந்தப் பக்கம். சாமானுக்குக் கடலுக்குப் போவணும். ஆளுக்கு ஆபீசுக்குப் போவணும். எங்கப்பா காலத்துல ரயிலு. இப்ப நாங்க.”

அவன் சும்மா சொன்னான். அவளுக்கு அது பிடித்துப்போனது. கோலாலம்பூர்ப் பக்கம் தோண்டிய வெள்ளீயத்தை முன்பு கிள்ளான் ஆற்றில் படகில் இறக்கினார்கள். ஆறு வளைந்து வளைந்து போகிறது, படகுக்கு நாளாகிறது என்று ரயில் போட்டார்கள். ரப்பர் ரயிலில் போனது. அப்புறம் நெடுஞ்சாலை வந்தது. அவள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தள்ளிய சில்லுகள் போக மீதியெல்லாம் பெட்டி பெட்டியாக அதில் போயின. ஆறு, ரயில், சாலை மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே கிழக்கிலிருந்து மேற்கே இறங்குகின்றன. மேற்கே சேறும் கண்டல் காடுமாக இருந்த கரையில் துறைமுகம். அதே வழியில் எதிர்த்திசையில் வந்தவர்கள்தான் இங்கே இருக்கும் பாதிப் பேர், கப்பலில் வந்து இறங்கிய அவளுடைய தாத்தா உட்பட. இரண்டு வாரமாக மனப்பாடம் செய்ததெல்லாம் ஒரு கயிற்றில் கோத்த மாதிரி ஆனது.

மறுபடி முதலிலிருந்து சொன்னாள். திருச்செல்வம் துறைமுக வாசல் வரை குறுக்கே பேசவில்லை. வரிசையில் லோரியை நிறுத்திய பிறகு, “இது பரவால்ல” என்றான்.

தேர்வு நாள் மழை. பேருந்து காலையில் கோலாலம்பூரில் கிளம்பியது. புவான் ரொஹானி முன் இருக்கையில் இருந்தார். பக்கத்தில் இன்னொரு தேர்வாளர் ராதாகிருஷ்ணன், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். பிரிக்பீல்ட்ஸைப் பிரியா சொன்னாள். நன்றாகவே சொன்னாள். நடுவில் எல்லாரையும் சிரிக்கவும் வைத்தாள். புஷ்பவல்லி சிரிக்க முயன்றாள், கன்னம் ஒத்துழைக்கவில்லை.

கோலாலம்பூரும் சிலாங்கூரும் சந்திக்கும் இடத்தில் சாலைக்கு மேலே நிற்கும் வெள்ளை வளைவு தெரிந்ததும் ராதாகிருஷ்ணன் திரும்பி, “அடுத்தது நீங்க” என்றார்.

எழுந்து நின்றாள். பேருந்து குலுங்கியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மைக் வழுக்கியது. பிரியா பின் வரிசையிலிருந்து தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

“இந்த வளைவைத் தாண்டினால் சிலாங்கூர்” என்று புஷ்பவல்லி தொடங்கினாள். “கோலாலம்பூரைச் சிலாங்கூர் கூட்டரசுக்குக் கொடுத்ததன் நினைவாகக் கட்டியது. கொடுத்தது போக மிஞ்சிய நிலத்தையும் கிள்ளானில் ஒரு பகுதியையும் சேர்த்து உண்டாக்கிய பெட்டாலிங் மாவட்டத்தில்தான் இப்போது போகிறோம். பெட்டாலிங் என்பது ஒரு மரத்தின் பெயர். வீடு கட்ட நல்ல மரம். இப்போது வீடுகள் இருக்கின்றன, மரம்தான் இல்லை.”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்பை எதிர்பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் கம்பியைப் பிடித்திருந்த பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

பெட்டாலிங் ஜெயாவைச் சொன்னாள். கோலாலம்பூரில் இடம் போதாமல் நெரிசல் மிகுந்தபோது, தோட்டமாக இருந்த நிலத்தில் வரிசை வரிசையாக வீடு கட்டி ஆட்களைக் குடியேற்றியதைச் சொன்னாள். பிறகு, எண் போட்ட பகுதிகளில் எது முதலில் எழுந்தது என்பது வரைக்கும் போனாள். சொல்ல வைத்திருந்தது முடியும்போது சுங்கைவே வரும், அங்கே ஃபேக்டரிகளைக் காட்டிவிட்டு, சுபாங்குக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு. சுங்கைவே வந்தது. அங்கேயே பேருந்து நின்றுபோனது.

மழைத் தண்ணீர் சாலையில் தேங்கி, முன்னால் எங்கோ ஒரு தடம் அடைபட்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே சிவப்பு விளக்குகள் மட்டும். ஓட்டுநர் இன்ஜினை அணைக்கவில்லை, அவ்வளவுதான்.

புஷ்பவல்லி ஃபேக்டரிகளைக் காட்டினாள். முடிந்தது. சுபாங்கைப் பற்றிச் சொல்லலாம் என்றால் சுபாங்கே இன்னும் வரவில்லை. காட்ட எதுவும் இல்லாத இடத்தைப் பற்றி என்ன சொல்வது? மைக்கில் அவளுடைய மூச்சுச் சத்தம் கேட்டது. மெர்டேக்கா சதுக்கம் கண்முன்னே வந்து நின்றது. ராதாகிருஷ்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புவான் ரொஹானி தாளில் எதையோ எழுதினார்.

மழைக்குள்ளே, வேலியை ஒட்டி, ஒரு பழைய நீல நிறப் பேருந்து பக்கத்துச் சாலையில் திரும்புவதைப் பார்த்தாள்.

“அந்தப் பேருந்து ஃபேக்டரி பேருந்து” என்றாள். குரல் தாழ்ந்துதான் வந்தது, ஆனால் வந்தது. “அதில் நான் போயிருக்கிறேன். நீலம் எங்களுடையது, பச்சை எதிர் கம்பெனியுடையது. வேலை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் ஒரே மாதிரி களைத்துப்போயிருப்போம், நிறம் பார்த்து ஏற வேண்டும். ஒரு தடவை பச்சையில் ஏறித் தூங்கிப் பூச்சோங் வரை போய்விட்டேன்.”

இப்போது நன்றாகவே சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. மூன்று அறை உள்ள வீட்டை எட்டுப் பெண்களாக வாடகைக்கு எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். அவளைப் போலத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மூன்று பேர், கெடாவிலிருந்தும் கிளந்தானிலிருந்தும் மற்றவர்கள். சம்பளம் வரும் வாரத்தில் ஃபேக்டரி வாசலில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை கூடும். துணி, செருப்பு, முகப்பூச்சு எல்லாம் அங்கேதான். அந்தப் பெண்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர்கள், சோறு கட்டி விற்றவர்கள், தையல்காரர்கள், பேருந்து ஓட்டிகள் என்று ஒவ்வொரு ஃபேக்டரியைச் சுற்றியும் ஓர் ஊர் பிழைத்தது. கல்யாணமானவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்ந்து வீடு வாங்கினார்கள், சுபாங், ஷா ஆலாம், கிள்ளான் என்று. அப்படித்தான் வளைவிலிருந்து கடல் வரைக்கும் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் போனது.

“என் அக்காவும் இங்கேதான் இருந்தாள்” என்றார் புவான் ரொஹானி திடீரென்று. “பச்சைப் பேருந்து.”

“அப்படியானால் நான் தூங்கிய பேருந்தில் அவர் இருந்திருப்பார்” என்றாள் புஷ்பவல்லி.

பின்னாலிருந்து ஒருவர் தன் அம்மா கிளந்தானிலிருந்து அப்படித்தான் வந்தார் என்றார். வேறொருவர் தன் மாமா இதே இடத்தில் சோற்றுக் கடை வைத்திருந்ததைச் சொன்னார். பேருந்துக்குள் பேச்சு எழுந்தது. அதை அடக்கித் தன் பக்கம் திருப்பத்தான் அவளுக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

“உங்க கம்பெனி இன்னும் இருக்கா?” ராதாகிருஷ்ணன் கேட்டார். கேள்வி கேட்பது தேர்வாளர் வேலை.

“இல்லைங்க சார். வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கட்டடம் இருக்கிறது, இப்போது இணையத்தில் வாங்கும் சாமான்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கு. என் தோழி ஒருத்தி அங்கே பொட்டலம் கட்டுகிறாள். அதே கேன்டீன்தான் என்று சொன்னாள்.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: “இங்கே எதுவும் ஒரேயடியாக மூடுவதில்லை. ரப்பர் போய் செம்பனை, அது போய் வீடு, ஃபேக்டரி போய் கிடங்கு. நடுவில் மாட்டிக்கொள்ளும் ஆட்களுக்குத்தான் கொஞ்ச நாள் கஷ்டம்.”

பேருந்து மெல்ல நகர்ந்தது. தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் வேகம் பிடித்தது. சுபாங் வந்தது, பத்து தீகா வந்தது. விட்ட நேரத்தைப் பிடிக்க அவளும் வேகமாகப் பேசினாள். ஷா ஆலாம் முன்பு தோட்டமாக இருந்ததையும், கோலாலம்பூரைக் கொடுத்துவிட்ட சிலாங்கூருக்குப் புதிதாக ஒரு தலைநகர் தேவைப்பட்டதையும் சொன்னாள். கொடுத்த வருடமே ஷா ஆலாம் தலைநகரானது என்றும் சொல்லிவைத்தாள்.

“அது எழுபத்தெட்டு இல்லையா?” என்றார் ராதாகிருஷ்ணன்.

லோரியில் வரிசையாகச் சொன்ன வருடம்தான் அது. முகம் சூடானது. “ஆமாங்க சார். எழுபத்தெட்டுதான். நான் தவறாகச் சொல்லிவிட்டேன், எல்லாரும் மன்னிக்கணும்” என்றாள். வானம் இடிந்து விழவில்லை. அவர் தலையாட்டினார், அவள் தொடர்ந்தாள்.

தொடர்ந்த வேகத்தில் இன்னொன்றும் நடந்தது. ஷா ஆலாம் என்றால் யாரும் முதலில் காட்டுவது அந்தப் பெரிய நீலக் குவிமாடப் பள்ளிவாசலை. அது தெரியும் இடத்தில் அவள் தொழிற்பேட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நினைவு வந்தபோது பேருந்து தாண்டிவிட்டது.

“எல்லாரும் தயவுசெய்து பின்னால் திரும்பிப் பாருங்கள்” என்றாள். “நீங்கள் பார்த்திருக்க வேண்டிய பள்ளிவாசல் இப்போது அங்கே போய்க்கொண்டிருக்கிறது.”

பேருந்து முழுக்கத் திரும்பியது. புவான் ரொஹானியும் திரும்பினார், சிரித்துக்கொண்டே. மழை விட்டிருந்ததால் நீலம் நன்றாகத் தெரிந்தது.

கிள்ளானுக்குள் நுழையும்போது அவள் ஆற்றைக் காட்டினாள். இதே ஆறுதான் கோலாலம்பூரில் இருந்து நம்மோடு வந்துகொண்டிருக்கிறது, பல இடத்தில் நமக்குத் தெரியாமல், என்றாள். ஈயம் இறங்கியது இந்த வழியில். முன்பு கப்பல் ஊருக்குள்ளேயே வந்தது. பிறகு ஆற்றின் முகத்துவாரத்தில் புதுத் துறைமுகம் கட்டி அங்கே மாற்றினார்கள். இப்போது உலகத்தின் பெரிய கப்பல்கள் அங்கே நிற்கின்றன. “என் வீட்டுக்காரர் இந்நேரம் அங்கே வரிசையில் நிற்பார்” என்று முடித்தாள். மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுத் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். பிரியா ஒரு மிட்டாயைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

நன்றாகப் பேசினோமா, உளறினோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வருடம் தவறு, பள்ளிவாசல் தவறு, பாதி நேரம் சொந்தக் கதை. புத்தகத்தில் இல்லாததைப் பேசினால் மதிப்பெண் போடுவார்களா என்று பிரியாவிடம் கேட்டாள். பிரியாவுக்கும் தெரியவில்லை. கடைக்குப் போய்ப் புடவை மடித்தாள். காமாட்சி ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. திருச்செல்வம் மட்டும் தினமும் இரண்டு தடவை, “வந்துச்சா?” என்பான். இல்லை என்பாள்.

ஒரு மாலை, கடை முடிந்து கிள்ளான் ரயிலுக்காகக் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் நின்றபோது கைப்பேசியில் தகவல் வந்தது. அவள் முதலில் கடைசி வரியைப் படித்தாள். பிறகு முதல் வரி, பிறகு மறுபடி கடைசி வரி. ரயில் வந்தது, கதவு திறந்தது, கூட்டம் ஏறியது. அவள் ஏறவில்லை. கதவு மூடி, ரயில் போனபின் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. அவ்வளவு நாளும் அவற்றைத் தூக்கி வைத்திருந்தோம் என்பதே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

திருச்செல்வத்தைக் கூப்பிட்டாள்.

“என்னங்க, வந்துருச்சு. பாஸ்.”

“என்னா? சத்தமா சொல்லு, பக்கத்துல லோரி நிக்குது.”

“பாஸ் பண்ணிட்டேன்.”

“கேக்கல புஷ்பா.”

“நான் பாஸ் பண்ணிட்டேங்க” என்றாள். நடைமேடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சீனக் கிழவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மறுமுனையில் திருச்செல்வம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அழுவுறியா?” என்றான்.

“இல்ல. நீங்க?”

“இங்க ஒரே தூசி லா” என்றான் திருச்செல்வம்.

ஆச்சிக்கும் பிரியாவுக்கும் சொன்னாள். வாணிக்கு அனுப்பினாள். பிரியாவும் தேறியிருந்தாள். ஆச்சி, “மாசக் கடைசி வரைக்கும் வா, அதுக்கப்புறம் என் கடைக்கு ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வா” என்றார்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையில் எழுந்து துணி துவைத்துக் காயப் போட்டாள். மீன் கழுவி வைத்தாள். கொஞ்சம் படுக்கலாம் என்று மதியம் முன் அறையில் பாயை விரித்தாள். ஃபேக்டரி வேலை, கடை, படிப்பு, தேர்வு, காத்திருப்பு என்று எத்தனையோ வருடமாக அவள் பகலில் தூங்கியதில்லை. கண் மூடியதுதான் தெரியும். மழை வந்தது தெரியாது, பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து துணிகளை எடுத்து வைத்தது தெரியாது, திருச்செல்வம் வந்து கதவைத் திறந்தது தெரியாது.

விழித்தபோது வெளியே விளக்குப் போட்டிருந்தார்கள். சமையலறையில் மீன் பொரியும் வாசனை. எழுந்து போய்ப் பார்த்தாள். திருச்செல்வம் சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்பு முன்னால் நின்றிருந்தான். ஒரு துண்டு கருகியிருந்தது.

“எழுப்பியிருக்கலாம்ல?” என்றாள்.

“எதுக்கு? தூங்குன மூஞ்சியப் பாத்தா எழுப்ப மனசு வரல.” அவன் தட்டை எடுத்து வைத்தான். “உக்காரு. அந்த நெடுஞ்சாலையில என்னென்ன சொன்ன, முதல்லேருந்து சொல்லு. ஒண்ணும் விடாத.”

அவள் உட்கார்ந்து சோற்றைப் போட்டுக்கொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.